நாலு நாள் தள்ளி நிற்பவளுக்கு ஒரு சட்டி

சூரியனிலிருந்து காற்றை வெளியே அனுப்புவது எங்கள் வேலை. வீட்டுக்குத் தளம் போடுகிற மாதிரிதான். வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவோம். நான் சூரியனை ஒட்டி மூன்றாவது ஆள். இங்கே சட்டி சுடும், கனக்கும். போகப் போகக் காற்று பரந்து லேசாகிவிடும். வேகம் மட்டும் குறையாது.

கர்ப்பிணிக்குக் கனம் ஆகாது என்று என் மனைவி பவுனுத்தாயை வரிசையில் நாலு நாள் தூரம் தள்ளி நிறுத்தினார்கள். போன வாரமே பிரசவம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். என்ன ஆயிற்றோ தெரியவில்லை. இங்கிருந்து எல்லாம் அங்கே போகும். அங்கிருந்து எதுவும் வராது. காலிச் சட்டிகூட.

மேஸ்திரி சூசைமாணிக்கத்திடம் லீவு கேட்டேன்.

"மொதல்ல நீ இங்க இருக்கேன்னு எழுதிக் குடுல, இருளப்பா."

"முன்னாடிதான அண்ணாச்சி நிக்கேன்?"

"நின்னா இருக்கதா ஆயிருமா? பக்கத்து ஆளு சாட்சி போடணும்."

பக்கத்து ஆள் மொக்கையன் போன மாதமே தராசாகிவிட்டார். தாளை நீட்டினேன். நிறுத்துப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

அடுத்த சட்டியில் பாதிதான் காற்று இருந்தது. மீதியில் நான் ஏறி உட்கார்ந்தேன். வரிசை நின்றால் வேலை கெட்டுவிடும். மேஸ்திரியால் நிறுத்த முடியவில்லை.

"குனிஞ்சு உக்காருல, சிந்திராத" என்றார்.

மொக்கையன் என்னை வாங்கினார். "அறுவத்திரண்டு" என்று சொல்லித் தள்ளிவிட்டார்.

முதல் நாள் வாங்கியவர்கள் எல்லோரும் ஏசினார்கள். இரண்டாம் நாள் ஒருவன், "எங்கல போற?" என்றான்.

"பிள்ளையப் பாக்க."

"ஆணா பொண்ணா?"

"தெரியல."

அவன் அடுத்த ஆளிடம், "பாத்துப் பிடி. அப்பங்காரன் வாரான்" என்றான். அந்தச் சொல் என்னை முந்திக்கொண்டு போனது. அதன்பிறகு யாரும் ஏசவில்லை.

நாலாம் நாள் பவுனுத்தாய் என்னை வாங்கினாள். மார்பில் சேலையால் கட்டிய பிள்ளை.

"பொம்பளப் பிள்ள. இப்பந்தான் வாறியளாக்கும்?"

"லீவு குடுக்கல."

"நான் ஒங்கள எறக்கி வைக்க முடியாது. வரிசை நின்னுரும்."

"தெரியும்."

பிள்ளையை அவிழ்த்து என் மடியில் வைத்தாள். பிறகு அவளும் ஏறிக்கொண்டாள். அடுத்து நின்றவள் ஓர் அடி முன்னால் வந்து சட்டியைப் பிடித்தாள்.

"மூணு பேரா? ஒரு கனமும் இல்லையே! பிள்ளைக்குப் பேரு என்னக்கா?"

"இன்னும் வைக்கல. நல்லதா ஒண்ணு சொல்லேன்."

அவள் ஒன்று சொன்னாள். அடுத்த ஆள் வேறொன்று சொன்னார். ஒவ்வொரு கையும் ஒரு பெயரைச் சொல்லித்தான் எங்களை வாங்குகிறது. இதுவரை நூற்றுப்பதினாலு வந்திருக்கிறது. எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.