தெரிந்தவர் வீடு

அந்த மையத்தின் பெயர் கட்டடத்தின் முகப்பில் அடங்கவில்லை. 'தற்கொலைத் தடுப்பு மற்றும் இழப்புற்றோர் ஆதரவுக்கான ஒருங்கிணைந்த பல்துறை உயராய்வு' என்பது வரைக்கும் முன்சுவரில் வந்து, 'மையம்' என்ற கடைசிச் சொல் மட்டும் மூலை திரும்பிக் கழிப்பறைக் கதவுக்கு மேலே போய் நின்றது. பெயரைக் கொஞ்சம் சுருக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, கட்டடத்தைக் கொஞ்சம் நீட்டலாமே என்றாராம் இயக்குநர்.

இயக்குநருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் மைக். வரவேற்பு விழாவோ வழியனுப்பு விழாவோ, ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில் அவர் இருப்பார். அவர் பேச்சில் ஒரு விசேஷம் உண்டு. மடமடவென்று பேசிக்கொண்டு போகிறவர் திடீரென்று நிறுத்துவார். தலையைத் தூக்கி மேலே எங்கேயோ பார்ப்பார். நீளமாக ஒரு மூச்சு. பிறகு தொடர்வார். அந்த இடைவெளிக்குள் பெரிய தத்துவம் ஏதோ இருப்பதாக மாணவர்கள் நம்பினார்கள். வாய்மொழித் தேர்வில் அதைச் செய்து பார்த்த ஒருவனைத் தேர்வாளர், "கூரையில என்ன எழுதியிருக்கு, எங்களுக்கும் சொல்லு" என்று கேட்டுவிட்டார்.

மையத்தின் புள்ளியியல் பேராசிரியருக்கு முகத்துக்கு நேராகவே வைத்த பெயர் சராசரி. அவருக்கும் அதில் வருத்தமில்லை. வீட்டில் அவர் மகனே அவரை "மிஸ்டர் சராசரி" என்றுதான் கூப்பிடுவான். அவனை அவர்கள் வாலு என்று கூப்பிட்டார்கள். பள்ளியில் ஒட்டிய பெயர், கல்லூரி போயும் உதிரவில்லை.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் வாலு தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

ஏன் என்று ஊர் கேட்டது. இப்படிப்பட்ட சாவுக்கு ஒற்றைக் காரணம் என்று ஒன்று இருப்பதில்லை என்று சராசரி பல கட்டுரைகளில் எழுதியிருக்கிறார். அது உண்மைதான். உண்மையாக இருந்து என்ன பயன், ராத்திரி படுத்தால் அந்த ஒற்றைக் கேள்வி வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறதே.

விடுப்பு முடிந்து அவர் மையத்துக்குப் போன அன்று ஓர் அதிசயம் நடந்தது. துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று ஊர் ஊராகப் போய் வகுப்பெடுத்த அறிஞர்கள், அவர் நடைக்கூடத்தில் வருவதைக் கண்டதும் ஆளுக்கொரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். அதில் ஒருவர் திறந்தது துடைப்பம் வைக்கும் அலமாரி. சராசரி கடந்து போகும்வரை அவர் உள்ளேயே இருந்தார்.

கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. மையம் வெளியிட்ட பிரசுரங்களிலேயே அதிகம் விற்றது 'சொல்லக் கூடாத வாக்கியங்கள்' என்ற சிறு புத்தகம். 'காலம் எல்லாத்தையும் ஆத்திடும்', 'நீங்கதான் தைரியமா இருக்கணும்' இப்படி. நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் கேட்டு, எந்த வாக்கியம் எவ்வளவு குத்தியது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் சராசரி, முன்னுரை மைக். எதையெல்லாம் சொல்லக் கூடாது என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்ததால், சொல்வதற்கு எதுவுமே மிஞ்சவில்லை.

சராசரியின் மனைவி பல் மருத்துவர். அவள் அவருக்கு முன்பே வேலைக்குத் திரும்பிவிட்டாள். "எல்லாரும் வாயத் திறந்துக்கிட்டுப் படுத்திருக்காங்க. பஞ்சு வேற வெச்சுடறேன். ஒருத்தராலயும் ஆறுதல் சொல்ல முடியல, நிம்மதியா இருக்கு" என்றாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் பேச்சு அப்படித்தான்.

அவள் வேறொன்றுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் யாராவது இப்படிப் போய்விட்டால், சில வாரங்கள் கழித்து மையத்திலிருந்து இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போவார்கள். போய் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: "அவங்களப் பத்திச் சொல்லுங்களேன்." அதற்கப்புறம் கேட்டுக்கொண்டு இருப்பது மட்டும்தான் வேலை. மையம் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று சராசரியே சாப்பாட்டு மேஜையில் பலதடவை சொல்லியிருக்கிறார்.

"உங்க ஆளுங்க எப்ப வராங்க?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"வருவாங்க."

"என் அக்கா வந்தா, மாமா வந்தாரு. மழையப் பத்திப் பேசினாங்க, முட்டி வலியப் பத்திப் பேசினாங்க. அவன் ரூம் வாசல்ல யாரோ தூங்கற மாதிரி மெதுவா நடந்தாங்க. அவன் பேரே எடுக்கல. நாமளும்தான் எடுக்கல."

சராசரி தட்டைப் பார்த்தார்.

"அவனப் பத்திச் சொல்லுங்கன்னு ஒருத்தர் வந்து கேட்டா எனக்குப் போதும். எப்ப வராங்க?"

"வியாழக்கிழமை" என்றார் சராசரி. வாய்க்கு வந்த கிழமை அது.

யாரும் வர முடியாது என்பது அவருக்குத் தெரியும். மையத்தில் ஒரு விதி இருந்தது: தெரிந்தவர் வீட்டுக்கு மையத்தின் ஆள் போகக் கூடாது. முன்பு ஒரு தடவை, போன பெண் அந்த வீட்டாரைவிட அதிகமாக அழுது, அவர்கள்தான் இவளைத் தேற்றி வண்டி ஏற்றி அனுப்பினார்கள். தெரிந்தவர் கேட்டால் பதில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று அன்றைக்கே விதியை எழுதி, எல்லோரையும் கைதூக்க வைத்தவர் சராசரிதான். அவரைத் தெரியாதவர் அந்த மையத்தில் எவருமில்லை. இந்த வட்டாரத்தில் வேறு மையமும் இல்லை. அதை மைக் ஒவ்வொரு மேடையிலும் பெருமையோடு சொல்லிக்கொள்வார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் சராசரி கேட்டுவிட்டார். இந்த ஒரு தடவை மட்டும் விதியைத் தளர்த்த முடியுமா என்று.

மேஜையைச் சுற்றியிருந்த எல்லோரும் அவரவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிப் பார்த்தார்கள்.

நெறிமுறைக் குழுவில் இருந்த சட்டப் பேராசிரியை மட்டும் பேசினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. விதிய எழுதினவரே விலக்கு கேட்டா அது முன்னுதாரணம் ஆயிடும். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகவா?"

"உங்க மாதிரி நிலைமையில இருக்கறவங்களுக்காக."

"என் நிலைமையில நான்தான் இருக்கேன் மேடம்."

இதைப் பரிசீலிக்க ஒரு துணைக்குழு போடலாம் என்றார் ஒருவர். அந்தத் துணைக்குழுவில் யார் யார் என்று முடிவு செய்ய இன்னொரு குழு வேண்டும் என்று தெரிந்ததும் அறையில் ஒரு நிம்மதி பரவியது. கடைசியில் மைக் எழுந்தார். மூன்று பேருக்கு மேல் இருந்தால் அவர் உட்கார்ந்து பேசமாட்டார்.

"நம்ம மையம் ஒரு குடும்பம்" என்று ஆரம்பித்தார். "குடும்பத்துல ஒருத்தருக்கு..." நிறுத்தினார். தலையைத் தூக்கி மேலே பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். இந்தத் தடவை அவர் கீழே இறங்கி வரவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அடுத்த விஷயத்துக்குப் போவோம்" என்று உட்கார்ந்தார்.

அடுத்த விஷயம் பெயர்ப்பலகைக்கு வர்ணம் பூசுவது.

மாடிப்படியில் களப்பணிப் பொறுப்பாளர் பின்னாலேயே வந்தார். வீடு வீடாகப் போகும் குழுவை நடத்துகிறவர் அவர். "சார், எனக்கு வரணும்னுதான் இருக்கு. ஆனா வாலு என் தோள்ல உக்காந்து கரும்பலகை துடைச்ச பையன். நான் வந்தா நான்தான் அழுவேன். உங்க வீட்டம்மா எனக்குத் தண்ணி எடுத்துட்டு வர மாதிரி ஆயிடும்."

"அதுக்குத்தானே விதி" என்றார் சராசரி. அவர் குரலில் கோபம்கூட இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம், உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். வீடு பளிச்சென்று இருந்தது. நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்தபடி போடப்பட்டிருந்தன. வாலுவின் அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. நடுமேஜையில் வெள்ளையாக ஏதோ இருந்தது. வாலுவின் பல் அச்சு. சின்ன வயதில் கம்பி போடுவதற்காக அவன் அம்மாவே சுண்ணாம்பு மாவில் எடுத்தது. முன்னால் ஒரு பல் இல்லை. இவ்வளவு நாளாக எங்கே வைத்திருந்தாளோ.

"நோயாளிகளையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லிட்டேன்" என்றாள்.

"யாரும் வரமாட்டாங்க" என்றார் சராசரி. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். விதி, கூட்டம், துணைக்குழு.

அவள் கேட்டு முடித்தாள். "அந்த விதிய எழுதினது யாரு?"

"நான்தான்."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒரு ஈ நுழைய முடியல." நாற்காலி ஒன்றைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போடப் போனாள். பாதி வழியில் கை ஓய்ந்து அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவருக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மைக். கோட்டு, டை, கையில் ஒரு பெரிய பூங்கொத்து. காலையில் ஏதோ திறப்பு விழாவில் கொடுத்தது போல. 'சிறப்பு விருந்தினருக்கு' என்ற அட்டை அதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் மையத்துலேருந்து வரல" என்றார் மைக். "சும்மா வந்தேன்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். ஆயிரம் பேருக்கு முன்னால் பேசுகிறவருக்கு இரண்டு பேருக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக வாயைத் திறந்தார்.

"காலம் எல்லாத்தையும் ஆத்திடும்மா."

சராசரி அவர் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தின் முதல் வாக்கியம்.

"நீங்க ரெண்டு பேரும்தான் தைரியமா இருக்கணும். என்ன பண்றது, நடந்தது நடந்துபோச்சு. எனக்குப் புரியுது உங்க..." தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வியர்த்தது. உறைத்தும் நிற்க முடியவில்லை, பள்ளத்தில் உருளும் வண்டி மாதிரி, "நல்லவங்களத்தான் சீக்கிரமா..." என்று அதையும் சொன்னார்.

"அந்தப் பக்கம் முழுக்க முடிஞ்சுது" என்றாள் சராசரியின் மனைவி. "புத்தகத்தத் திருப்பணும். சார், கொஞ்சம் வாய மூடுங்க." ஒரு கணம் நிறுத்தினாள். "இத்தன வருஷத்துல ஒருத்தர வாய மூடச் சொல்றது இதான் முதல் தடவ."

அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புதான். அந்த வீட்டில் மழை தொடங்கிய பிறகு வந்த முதல் சிரிப்பு.

மைக் வாயை மூடினார். கண்ணை எங்கே வைப்பது என்று தேடியவர் மேஜை மேலிருந்ததைப் பார்த்தார்.

"இது வாலு பல்லா?"

பெயர் கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது.

"ஆமா" என்றாள் அவள்.

"இந்தப் பல்லோடதான் வந்தான் என் ரூமுக்கு." குரல் மாறிவிட்டது, மேடைக் குரல் இல்லை. "நம்ம சராசரி மீட்டிங்ல இருந்தாரு. நான் அப்பதான் புது இயக்குநர். மறுநாள் என் முதல் மேடை. யாருக்கும் தெரியாது, மைக்கக் கண்டா எனக்குக் கை நடுங்கும். ஒரே மூச்சுல ஒப்பிச்சுப் பாத்துட்டு இருந்தேன். இவன் ஓரமா உக்காந்து கேட்டுட்டே இருந்தான். அங்கிள், நீங்க எப்ப மூச்சு விடுவீங்கன்னான்."

சராசரியின் மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

"விட்டா மறந்துடும்டான்னேன். சரி, நான் நாளைக்கு மேல் மாடத்துல உக்காந்துக்கறேன், நான் கை தூக்கும்போதெல்லாம் என்னப் பாத்து மூச்சு விட்டுக்குங்கன்னான். தூக்கினான். நான் பாத்தேன், விட்டேன். அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் எந்த மேடையிலயும் நடுவுல தலையத் தூக்கிப் பாக்கறேன். அங்க யாரும் இருக்கமாட்டாங்க. ஆனா மூச்சு வந்துடும்." பூங்கொத்தின் காகிதம் அவர் கையில் கசங்கியது. "திங்கக்கிழமை வரல."

சராசரிக்கு அந்த விழா நினைவிருந்தது. முன்வரிசையில் இடம் இருந்தும், மாடத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்த பையன். அவர் அதட்டக்கூட அதட்டினார். கடைசிவரை காரணம் சொல்லவில்லை, திருட்டுப் பயல்.

இனி அவனைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று அவர் நினைத்திருந்தார். கணக்கு முடிந்துவிட்டது என்று.

"எந்தக் கை?" என்று அவள் கேட்டாள்.

"என்னம்மா?"

"தூக்கினானே. எந்தக் கை?"

மைக் தன் கைகளைத் தூக்கிப் பார்த்து, எதிர்ப்பக்கம் திருப்பி யோசித்தார். "இடது கை."

"அவன் எல்லாத்துக்கும் இடது கைதான்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. நல்லவேளை, தேற்றுகிற வாக்கியங்கள் எல்லாம் ஏற்கெனவே செலவாகியிருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மறுபடியும் சொல்லுங்க. முதல்லேருந்து" என்றாள்.

மைக் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை அறையில் மின்விசிறி எந்தப் பக்கம் இருந்தது, வாலு எதைத் தின்றுகொண்டு வந்தான் என்பதெல்லாம் கூடச் சேர்ந்தன. மாடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றது. பழக்க தோஷத்தில் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். கீழே இறங்கும் வழி தெரியாதவர் போல அப்படியே இருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த சராசரி, தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், இடது கையைத் தூக்கினார்.

மைக் அதைப் பார்த்தார். மூச்சு விட்டார்.

"சரி" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தப் பல் எப்படிப் போச்சுன்னு அவன் எங்கிட்ட சொல்லவே இல்ல. சொல்லுங்களேன்."

"அதுவா," என்றாள் அவள், பல் அச்சைக் கையில் எடுத்துக்கொண்டு. "அது பெரிய கதை சார். இவரு பாத்துக்கறேன்னு சொல்லிட்டு இவரு பாட்டுக்குப் பேப்பர் திருத்திட்டு இருந்தாரு. வாலு ஒரு பந்த எடுத்து..."

தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுச் சராசரி சமையலறை வாசலுக்கு வந்தார். "பந்து இல்ல, கதவு."

"பந்துதான்."

"கதவு. நான் அங்க இருந்தேன்."

"நீங்க இருந்தீங்க, பாக்கல. அவன் எங்கிட்டதான் சொன்னான்."

"உங்கிட்ட பந்துன்னு சொல்லியிருப்பான். எங்கிட்ட கதவுன்னான்."

மைக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றத் தொடங்கியிருந்தது. கதவு எப்படித் திறந்தது என்பதைச் செய்துகாட்டச் சராசரி திரும்பக் கூடத்துக்கே வந்துவிட்டிருந்தார்.