நாலு மணிக்குள் கிளட்ச்

கழற்றிய நிப்பிளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மகள், டியூபின் முனையை அந்த ஓட்டையில் வைத்துத் திருகினாள். மரை பிடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். மூன்றாம் தடவை பிடித்தது.

இருபத்தாறு வருடமாக ஊரில் யார் செத்தாலும் அவள் அப்பாவின் அமரர் ஊர்திதான் வாசலில் வந்து நிற்கும். இன்று அவர் கூடத்தில் கிடக்கிறார், வண்டி ஷெட்டில் கிடக்கிறது. நேற்றுக் காலை கிளட்சுக்குப் புது சிலிண்டர் மாட்டியவர், டீ குடித்துவிட்டு வந்து மீதியைப் பார்ப்பதாகச் சொல்லி உள்ளே போனார். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மீதி என்பது இந்த டியூப்தான். கிளட்ச் எண்ணெயில் காற்று புகுந்துவிட்டால் பெடல் பொதபொதவென்று தரையோடு போய்விடும். காற்றை வெளியே விடும் நிப்பிளோ கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தொப்பை விழுந்த பிறகு அடியில் நுழைவது அப்பாவுக்குப் பெரும்பாடாகிவிட்டது. அதனால் நீளமாக ஒரு டியூப் வாங்கினார். ஒரு முனை கீழே, நிப்பிள் மாட்டிய மறுமுனை பானெட்டுக்குள் மேலே. நின்றபடியே காற்றை எடுத்துவிடலாம். வண்டிக்கு வால் முளைக்கப் போகிறது என்று சித்தப்பா கேலி செய்தார்.

அந்தச் சித்தப்பாவின் செருப்புகள் இப்போது ஷெட் வாசலில் வந்து நின்றன.

“நாலு மணிக்கு மயானத்துல நேரம் குடுத்திருக்காங்க. வேற வண்டி வரச் சொல்லிடறேம்மா. எதுல போனா என்ன, அண்ணனுக்குத் தெரியவா போகுது?”

“பின்னால உக்கார்ற அம்மாவுக்குத் தெரியும், சித்தப்பா.”

அப்பாவுக்கு ஒரே ஒரு பெருமைதான். வண்டியைக் குலுங்காமல் எடுப்பார். பின்பக்கக் கண்ணாடிகள் வெள்ளையடித்தவை. உடலோடு உட்கார்ந்திருப்பவர்கள் தெருமுனை தாண்டிய பிறகும் ‘இன்னும் கிளம்பலையா’ என்று கேட்கவேண்டும். கேட்டால்தான் அவருக்கு அன்று சோறு இறங்கும். பார்சல் வண்டி ஓட்டும் மகளை அவர் விட்டுவைத்ததே இல்லை. ‘நீ எடுக்கற எடுப்புல பார்சல் தானா எறங்கி நடந்து போயிடும்’ என்பார். அவரை இன்னொருவன் தூக்கித் தூக்கிப் போட்டுக் கொண்டுபோவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் வண்டியில், அவர் எடுப்பதைப்போல எடுத்துப் போகவேண்டும். அவ்வளவுதான்.

மேலே வந்து டியூபை சைலன்சர் சூட்டில் படாமல் தள்ளி, பேட்டரிக்கு மேலாகக் கொண்டுவந்து கட்டினாள். கிளட்ச் எண்ணெய் டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றினாள். இனி பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும்.

இத்தனை வருடமும் மிதித்தது அம்மாதான். மகள் வாசற்படியில் நின்று பார்த்த பார்வையிலேயே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். இந்த நேரத்தில் எங்கே போகிறாய் என்றார்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவதாக அவர்களுக்குச் சொல்லிவிட்டு, வெறுங்காலோடு வந்து டிரைவர் சீட்டில் ஏறினாள்.

“மிதிம்மா.”

மகள் நிப்பிளில் செருகிய சின்னக் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, நிப்பிளைத் திறந்தாள். பாட்டிலுக்குள் குமிழிகள் பொங்கின. மூடினாள். அம்மா காலை எடுத்தாள். மறுபடி மிதித்தாள். இருபது தடவை ஆயிற்று, இரண்டு முறை ஆயில் ஊற்றியாயிற்று. பெடல் தரையோடு தரையாகத்தான் போனது. மூன்றேகால் ஆகிவிட்டதென்று சித்தப்பா போனை எடுத்தார். மகள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதாள். அங்கே அழுதால் வெளியே தெரியாது.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது போலும். சீட்டிலிருந்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

“காத்து எப்பவும் மேட்டுலதான் போய் உக்காரும்பாரு உங்கப்பா.”

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நல்ல பத்திரமாகத்தான் கட்டியிருந்தாள். பேட்டரிக்கு மேல் டியூப் மேடு தட்டி, நிப்பிள் அதற்கும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. காற்று மேட்டில் சவுகரியமாக உட்கார்ந்திருந்தது. தன்னைத் திட்டிக்கொண்டே கட்டை அறுத்து, நிப்பிளை எல்லாவற்றுக்கும் மேலாகக் கையில் தூக்கிப் பிடித்தாள்.

“இப்ப மிதி.”

ஏப்பம் விட்டதுபோல ஒரு பெரிய குமிழி வந்தது. பிறகு சின்னச் சின்னதாக நாலைந்து. பிறகு வெறும் ஆயில்.

“கால எதுத்துத் தள்ளுது பாப்பா,” என்றாள் அம்மா. உடனே இறங்கவில்லை. இன்னும் ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கி உள்ளே போனாள்.

மகள் நிப்பிளை அந்த உயரத்திலேயே இறுக்கிக் கட்டி, பானெட்டை மூடினாள். வேறு வண்டி வேண்டாமென்று சித்தப்பாவே போனில் சொல்லிவிட்டு, ஒரு துணியை நனைத்து வந்து முன்கண்ணாடியைத் துடைத்தார். மகள் கை கழுவினாள். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அதைப் பார்க்க நேரமும் இல்லை.

அப்பாவைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். அம்மா தலைப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். பின்கதவு மூடியது. முன்னால் ஏறிய சித்தப்பா, பார்சல் வண்டியில் ஒருமுறை போன அனுபவத்தில், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மகள் மிதித்தாள். முதல் கியர். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெடல் தன் காலை மேலே கொண்டுவரும்வரை பொறுத்தாள். கேட் பின்னால் போனது. தையல்கடை போனது. தெருமுனை விளக்குக் கம்பமும் போனது. சித்தப்பாவின் கை கைப்பிடியிலிருந்து தானாக இறங்கியது.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“இன்னும் கிளம்பலையா பாப்பா?”

மகள் இரண்டாவது கியருக்கு மாற்றினாள்.