தோட்டத்தில் ஒரு குரல், கடையில் ஒரு குரல்

ஞாயிற்றுக்கிழமை கல்லோடைத் தேயிலைத் தோட்டத்தில் கேட்டபோது அது பிலோமினா மிஸ்ஸின் குரல். திங்கட்கிழமை பதுளைக் கடைத்தெருவில், ஷுக்ரியின் ரேடியோக் கடையில் அதே டேப்பைப் போட்டபோது அது வேறு யாருடைய குரலோ.

ஷுக்ரி டேப்பைப் பின்னுக்குச் சுற்றி மறுபடியும் போட்டான். மிஸ்ஸுக்கு நெஞ்சிலிருந்து எழும் கனத்த குரல். டேப்பில் பாடியதோ பள்ளிக்கூடம் போகிற சிறுமி. பின்பாட்டுப் பாடிய தோட்டத்துப் பெண்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் போல அவசரப்பட்டார்கள். கிட்டார் மாண்டலினைப் போலச் சிணுங்கியது. டேப் அதேதான், உறையின் மேல் அவன் கையெழுத்து இருந்தது. ரெக்கோடரும் அதேதான், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் அவனே. பாடி முடித்த கையோடு தோட்டத்திலேயே போட்டுக் காட்டியபோது பெண்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அப்போது ஒரு குறையும் இருக்கவில்லை.

பக்கத்துப் புடவைக் கடை அலவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னா ஷுக்ரி, இவ்வளவு காலமும் வால்வைத்தானே மாத்தின. இப்ப ஆளையே மாத்திட்டியா?"

அலவி விளையாட்டாகத்தான் சொன்னான். ரேடியோ திருத்துகிறவனுக்கு அந்த விளையாட்டு சுடும். ரேடியோப் பெட்டியின் முதுகைத் திறந்தால் உள்ளே கண்ணாடி வால்வுகள் நிற்கும். நல்ல வால்வைக் கழற்றிவிட்டு ஓய்ந்துபோனதைச் செருகினாலும் பெட்டி சில மாதம் பாடும், பிறகுதான் மங்கும். அதனால் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் வால்வின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவது பலருக்கு வழக்கம். ஷுக்ரி அந்தப் புள்ளிகளைக் கண்டும் காணாதவன் போலத் திருத்திக் கொடுப்பான். புள்ளி காணாமல் போனது என்று ஒரே ஒருவர் சொன்னால் போதும், கடையைப் பூட்டிவிட்டு மொனராகலைப் பக்கம் போய்விட வேண்டியதுதான்.

இந்த டேப் வால்வைவிடப் பெரிய சங்கதி. வெள்ளிக்கிழமை, வானொலிக்குப் பாட்டுத் தேர்வு செய்கிற ஒருவர் கொழும்பிலிருந்து வருகிறார். வேலை நாளில் கொழுந்து பறிக்கிற பெண்கள் மலையிறங்கி வர முடியாது. மிஸ் மட்டும் போய், இந்த டேப்பைப் போட்டுக் காட்டி, இதில் பாடுவது நானும் என் மாணவிகளும்தான் என்று சொல்ல வேண்டும். அதே வெள்ளிக்கிழமை அதே ஆளுக்குப் பாடிக் காட்டப் போகிறது ஷுக்ரியின் மைத்துனன் ஜாபிரின் பைலாக் கோஷ்டி, துள்ளலான ஆட்டப் பாட்டுப் பாடுகிறவர்கள். மிஸ்ஸின் டேப் கெட்டால் யாருக்கு லாபம் என்று கடைத்தெருவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஷுக்ரிக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அது மிஸ்ஸின் மேல். பிலோமினா பினாங்கில் பிறந்த தமிழர். தேவாலயத்தில் பாட ஆரம்பித்து, ஹோட்டல் நடனக் குழுக்களில் இங்கிலீஷ் பாட்டுப் பாடி, மலாய்க்காரர்களின் மெட்டுகளையும் பழகி, பிறகு தானே சொல் கட்டி, தானே மெட்டுப் போட்டுத் தமிழில் பாடியவர். கணவரின் உத்தியோகத்தோடு பண்டாரவளைக்கு வந்து அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். ஞாயிறுகளில் கல்லோடை லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கும் பெண்களுக்கு வகுப்பு. அவர்களுடைய தாலாட்டையே எடுத்து, பாதிப் பேரை மேலேயும் பாதிப் பேரைக் கீழேயும் பாடவைத்து, தேவாலயத்துப் பாட்டைப் போல இரண்டு குரல்களைப் பின்னினார். அடியில் பைலாத் தாளத்தைக் கிட்டாரில் ஓடவிட்டார். இது என்ன வகைப் பாட்டு என்று பதுளையில் யாராலும் சொல்ல முடியவில்லை. நாலு விதமாகப் பாடத் தெரிந்தவர் ஐந்தாவதாக ஒரு சின்னக் குரலில் பாடி, தன்னைச் சிக்கலில் மாட்டப் பார்க்கிறாரோ என்று ஷுக்ரி யோசித்தான். எதற்காக என்றுதான் விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மிஸ் கடைக்கு வந்தார். நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்ததும் கைப்பையிலிருந்து இரண்டு கால் உள்ள ஓர் எஃகுத் துண்டை எடுத்தார். அதை இசைக்கவை என்பார்கள். தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில்தான் ஒலிக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதைத் தட்டி மாணவிகளுக்குச் சுருதி கொடுப்பது மிஸ்ஸின் பழக்கம். ஆகவே டேப்பின் தொடக்கத்திலும் அதன் ஒலி விழுந்திருந்தது. இப்போது கையிலிருந்ததைத் தட்டினார். டேப்பில் இருந்த ஒலி அதைவிட உயரத்தில் நின்றது.

"மனுஷங்க குரல் மாறலாம், மிஸ்டர் ஷுக்ரி. இரும்புக்கு வயசு குறையாது. அப்ப நீங்க டேப்பை மாத்தல. ஓட்டத்தை மாத்தியிருக்கீங்க."

டேப் வேகமாக ஓடினால் பாட்டு சீக்கிரம் முடியும், சுருதியும் மேலே ஏறும். இரண்டும் சேர்ந்தே நடக்கும். அவர் சொன்னது சரி.

"நான் என்னத்துக்கு மிஸ் மாத்தணும்?"

"உங்க மச்சான் என்னைக்குப் பாடறார்?"

"வெள்ளிக்கெழம."

"நாங்களும் அன்னைக்குத்தான்."

ஷுக்ரி ஜாபிரின் டேப்பை எடுத்துப் போட்டான். அது இதே கடையில், இதே ரெக்கோடரில் பதிந்தது. ஜாபிரின் குரல் ஜாபிரின் குரலாகவே இருந்தது. டேப்பின் கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் இசைக்கவையைப் பல தடவை தட்டச் சொல்லிப் பதிந்து, உடனே போட்டுக் காட்டினான். கையிலிருந்த ஒலியும் டேப்பிலிருந்த ஒலியும் ஒன்றாக இருந்தன.

"என்ட மெஷின்ல பிழையில்ல மிஸ். நம்பிக்கையில்லாட்டி நாளைக்கு நீங்களும் வாங்க, தோட்டத்துக்கே கொண்டுபோய்ப் போட்டுப் பாப்பம்."

மறுநாள் பின்னேரம் இரண்டு டேப்புகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். போவதற்கு முன் ரெக்கோடரின் திருகாணிகளின் மேல் மிஸ் பிளாஸ்திரி ஒட்டி, அதில் கையெழுத்தும் போட்டார். பஸ்ஸில் அவர் ரெக்கோடரைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவன் அவருடைய கைப்பையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள், காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கூடியிருந்தார்கள். ஷுக்ரி ஞாயிற்றுக்கிழமை டேப்பைப் போட்டான். மிஸ்ஸின் கனத்த குரல் அப்படியே வந்தது. இசைக்கவையும் ஒத்துப்போயிற்று.

"இந்தா, நடுவுல நான் இருமுனது" என்றாள் முன்வரிசைப் பாட்டுக்காரி இராக்கம்மா. "எங்க கொரலு இங்க நல்லாத்தான இருக்கு? டவுனுக்குப் போனா மட்டும் ஏன் மொதலாளி மாறுது?"

பெண்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். மிஸ் பார்க்கவில்லை; அது அதைவிட மோசமாக இருந்தது. வேறு வழி தெரியாமல் ஷுக்ரி ஜாபிரின் டேப்பைப் போட்டான். ஜாபிரின் கோஷ்டி பைலாவை இழுத்து இழுத்து ஒப்பாரியாகப் பாடியது.

"யாரு செத்துட்டாங்க மொதலாளி?" என்றாள் இராக்கம்மா.

பெண்கள் சிரித்தார்கள். ஷுக்ரி சிரிக்கவில்லை. அவன் மனதில் ஒரு கதவு திறந்தது. தோட்டத்தில் பதிந்த டேப் தோட்டத்தில் சரியாக ஓடுகிறது. கடையில் பதிந்தது கடையில் சரியாக ஓடுகிறது. இடம் மாறினால் இரண்டுமே பிழையாக ஓடுகின்றன. ரெக்கோடர் ஒன்று, இசைக்கவை ஒன்று. மாறுவது சுவரிலிருந்து வருகிற கரண்ட் மட்டும்தான்.

"மிஸ், இங்க கரண்ட் எங்கருந்து வருது?"

பதிலை இராக்கம்மா சொன்னாள். "ஆத்துலேருந்துங்க. கீழ வீரய்யா அண்ணன் சக்கரம் ஓட்டுறாரு."

மூவரும் இறங்கிப் போனார்கள். ஓடையோரக் கட்டடத்தில் தண்ணீர் ஒரு குழாய் வழியாகப் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் மின்சார யந்திரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தண்ணீரின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கைச்சில்லு. அதன் அருகே வீரய்யா உட்கார்ந்திருந்தார்.

"சக்கரம் எப்பவும் ஒரே வேகமா?" என்று கேட்டான் ஷுக்ரி.

"அது எப்படிங்க? கொழுந்து வாட்டுற மாடியில பின்னேரமானா வெசிறி எல்லாம் ஓடும், ஞாயித்துக்கெழமையும்தான்; அப்ப இழுவை கூடிரும், சக்கரம் தளரும். லைட்டு எரிஞ்சாப் போதும்னு தொரை சொல்லிட்டாரு."

ஷுக்ரி மிஸ்ஸின் பக்கம் திரும்பினான். வந்த கோபமெல்லாம் மறந்து அவசரமாகப் பேசினான்.

"கரண்ட் ஒரே பக்கமாப் பாயிறதில்ல மிஸ். முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிக்கொண்டே ஈக்கும். டவுன்ல செக்கனுக்கு அம்பது ஆட்டம். இந்த ரெக்கோடர்ட மோட்டர் அந்த ஆட்டத்துக்குத் தாளம் போட்டுத்தான் சுத்தும். சக்கரம் தளர்ந்தா ஆட்டம் கொறையும், டேப் மெதுவா நகரும். ஒங்கட பாட்டு முழுக்கக் கொஞ்ச டேப்புக்குள்ள நெருங்கி விழுந்திட்டு. இங்க போட்டா அதே மெது, அதனால பிழை தெரியாது. டவுன்ல அந்தக் கொஞ்ச டேப் சீக்கிரம் ஓடி முடிஞ்சிருது."

மிஸ் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கம்பி தளர்ந்த கிட்டார்."

"அதேதான்."

"அப்ப முறுக்கலாமே."

ஷுக்ரிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் ஜாபிரின் டேப்பைத் தயாராக்கக் களத்துக்கு ஓடினான். கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று வீரய்யா தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கரிடம் போய்வந்தார். விசிறிகள் நிற்கக்கூடாது, மற்றபடி எதையும் செய்துகொள்ளுங்கள் என்றாராம் டீமேக்கர்.

வீரய்யா கைச்சில்லைப் பிடித்தார். களத்திலிருந்தும் ஓடையிலிருந்தும் தெரிகிற வளைவில் இராக்கம்மா நின்றாள். மேலே ஷுக்ரி ஜாபிரின் டேப்பின் கடைசிப் பகுதியை ஓடவிட்டான். டேப்பில் இசைக்கவை ஒலித்தது; மிஸ் கையிலிருந்ததைத் தட்டினார். டேப்பின் ஒலி கீழே கிடந்தது. மிஸ் விரலை உயர்த்த, இராக்கம்மா முந்தானையை உயர்த்த, வீரய்யா தண்ணீரைக் கூட்டினார். ஒலி ஏறியது. சுருதிகள் இரண்டு மிக நெருங்கி வந்தும் சேராமல் இருந்தால் அவற்றின் நடுவே 'வா... வா...' என்று ஓர் அலை எழும். அந்த அலையும் எழுந்தது, மெதுவாயிற்று, இன்னும் கொஞ்சம் தண்ணீர் போனதும் அடங்கியது. மிஸ் உள்ளங்கையைக் காட்டினார்.

"பாடுங்க" என்றார்.

புதிய டேப்பில் பாடினார்கள். திரும்பும்போது டேப்பை மிஸ் தன் கைப்பையில்தான் வைத்துக்கொண்டார். ஷுக்ரியும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை கடையில் அதைப் போட்டார்கள். அலவியும் வந்து நின்றான். முதலில் இசைக்கவை ஒலித்தது. கையிலிருந்ததும் அதுவும் ஒன்று. பிறகு மிஸ்ஸின் கனத்த குரல் எழுந்தது.

"இது மிஸ்ஸேதான்" என்றான் அலவி. "அப்ப திங்கக்கெழம பாடினது ஆரு?"

"அதுவும் நான்தான்" என்றார் மிஸ். குனிந்து திருகாணிகளின் மேலிருந்த பிளாஸ்திரியை ஒவ்வொன்றாக உரித்தார்.

"நீ என்னடா செஞ்ச?" என்று அலவி கேட்டான்.

ஷுக்ரி சொன்னான்: தோட்டத்தில் பதியப் போகும்போது, டவுன் கரண்டில் பதிந்த இசைக்கவை ஒலியைக் கூடக் கொண்டுபோக வேண்டும். அதை அங்கே ஓடவிட்டு, கையிலுள்ள இசைக்கவையோடு ஒன்றாகும்வரை சக்கரத்துக்குத் தண்ணீரைக் கூட்ட வேண்டும். ஒன்றானதும் தண்ணீரையும் விசிறிகளையும் தொடாமல் பாடிப் பதிய வேண்டும்.