பனிவிளக்கின் சுவிட்ச்

மோட்டார் சைக்கிளின் கைப்பிடிக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன சுவிட்சைக் கழற்ற இரண்டு ஸ்குருதான். ஒன்று வந்துவிட்டது. மற்றது துருப்பிடித்துத் தலை மழுங்கி, திருப்புளிக்குப் பிடி கொடுக்காமல் வழுக்கியது. மெக்கானிக் எண்ணெய்க் குப்பியைச் சாய்த்து அதன்மேல் இரண்டு சொட்டு விட்டார்.

“கொஞ்சம் ஊறட்டும் தங்கச்சி. இதுக்கும் என் வயசுதான் இருக்கும். அவசரப்படுத்தினா கோவிச்சுக்கும்.”

தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அந்தத் தெருவில் அவருக்கு சோடாபுட்டி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டவர்களைத் திட்டித் திட்டிப் பார்த்துச் சலித்துப்போய், கடைசியில் அவரே அதைக் கடைப் பலகையில் எழுதி வைத்துவிட்டார். வண்டியைக் கொண்டுவந்திருந்த அவள் அவர் வேடிக்கைக்குச் சிரிக்கவில்லை. பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்று. நான்கு மணிக்குள் வண்டியைக் குவாரி வாசலில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

வண்டி அவள் கணவனுடையது. மலைமேல் இருக்கும் கல் குவாரியில் அவன் வழிகாட்டி. பனிக்காலத்தில் காலை ஐந்திலிருந்து பத்து மணி வரை அந்தப் பாதையில் பத்தடிக்கு மேல் கண் தெரியாது. கல் ஏற்றிய லாரிகள் இறங்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் முன்னால் போக வேண்டும். அதன் முன்பக்கம் தாழ்வாக ஒரு மஞ்சள் விளக்கு, பின்பக்கம் ஒரு கம்பியின் நுனியில் சிவப்பு விளக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். லாரிக்காரர்கள் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் வளைவு திருப்புவார்கள். நான்கு பனிக்காலம் அவன் அப்படிப் போய் வந்தான். ஒன்பது நாளைக்கு முன்னால், மூன்றாவது வளைவில், அவனுக்குப் பின்னால் சிவப்பு அணைந்துவிட்டது. லாரி அவனைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாறையில் முட்டி நின்றது.

தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அன்று மத்தியானமே குவாரி ஆபீசில் எழுதி முடித்துவிட்டார்கள்: வண்டியின் சுவிட்ச் ஆஃபில் இருந்தது, பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக ஓட்டியவரே விளக்கை அணைத்திருக்கிறார். தப்பு அவனுடையது என்று ஆகிவிட்டதால் வைத்தியச் செலவு கம்பெனியைச் சேராது. எலும்பில் வைத்து முடுக்க வேண்டிய தகட்டை வெளியே வாங்கிவரச் சொல்லி டாக்டர் கொடுத்த சீட்டு ஒரு வாரமாக அவள் பைக்குள் மடிந்து கிடந்தது.

நேற்றுச் சாயங்காலம் சூப்பர்வைசரே போன் செய்தார். பனி குறைகிற வழியாக இல்லை, லாரிகள் நிற்கின்றன, அந்த வேலைக்கு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். “உங்களுக்குத்தான் லைசென்ஸ் இருக்கே. அவர் இடத்துல நீங்க ஓட்டுங்க. பதினஞ்சு நாள் சம்பளம் முன்கூட்டியே வாங்கித் தர்றேன்.” கல்யாணத்துக்கு முன் அவள் ஏழு வருஷம் வண்டியில் வீடு வீடாகப் பேப்பர் போட்டவள். தகட்டின் விலையை நினைத்துக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டாள். வளைந்த கம்பியை நிமிர்த்திப் புது சிவப்பு விளக்கும் மாட்டியாகிவிட்டது. ஆனால் விளக்கு நின்று எரியவில்லை. எரியும், கொஞ்ச தூரம் போனதும் அணையும். உள்ளே ஏதோ ஒயர் விட்டிருக்கிறது என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள்.

“எண்ணெய் ஊறுறதுக்குள்ள ஒயரைப் பாத்துடறேன்” என்று சோடாபுட்டி வண்டியை உதைத்துக் கிளப்பினார். இன்ஜின் தடதடவென்று ஓடியது. சுவிட்சின் குமிழை மேலே தள்ளினார். முன்னால் மஞ்சளும் பின்னால் சிவப்பும் எரிந்தன. ஒயரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனவர் விளக்கு அணைந்ததும் திரும்பிப் பார்த்தார். குமிழ் கீழே இறங்கியிருந்தது.

“கை வெச்சியாம்மா?”

“நான் இங்கதானே உக்காந்திருக்கேன்.”

மறுபடி தள்ளினார். இந்தத் தடவை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு முட்டுகிற தூரத்தில் பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் எழுந்து பக்கத்தில் வந்தாள். வண்டியின் அதிர்வுக்குக் குமிழ் மெல்ல மெல்ல நடுங்கியது. தூக்கத்தில் தலை சாய்கிறவனைப்போல மயிரிழை மயிரிழையாக இறங்கியது. பிறகு டக்கென்று விழுந்தது. விளக்கு அணைந்தது.

மூன்றாவது தடவையும் விழுந்தது. சோடாபுட்டி இன்ஜினை நிறுத்தினார்.

“குமிழ் வந்து உக்கார்ற பள்ளம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. பிடிச்சு நிறுத்த உள்ள ஒண்ணுமே இல்ல.”

“லாரி இடிச்சதுல ஆயிருக்குமா?”

“இடிச்சா உடையும், தேயாது. இது வருஷக்கணக்குல தேஞ்சது.” அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “உன் வீட்டுக்காரர் அணைக்கலம்மா. இதுவா விழுந்திருக்கு.”

அவள் கடிகாரத்தைப் பார்க்க மறந்தாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, இதைக் கழட்டாதீங்க.”

“நாலு மணிக்குக் காட்டணும்னு சொன்னியே.”

“இப்படியே கொண்டுபோய் அவங்க கண்ணு முன்னாடி காட்டறேன். கழட்டிட்டா, எந்த வண்டியில இருந்து எடுத்தியோன்னு கேப்பாங்க. நீங்களும் கூட வாங்கண்ணே. தேஞ்சதுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.”

சோடாபுட்டி தரையில் கிடந்த ஸ்குருவைத் தேடி எடுத்தார். கடையின் உள்ளே வரிசையாக நின்ற ஐந்து வண்டிகளில் நான்கின் டயர்களில் வெள்ளைக் கல்தூசி அப்பியிருந்தது.

“பாக்கறியே. பூரா குவாரிக்காரங்க வண்டி. நான் வந்து சாட்சி சொன்னா, நாளையில இருந்து நான் ஈ ஓட்டணும். ரெண்டு பொண்ணு படிக்குதும்மா.” கழற்றிய ஸ்குருவை அதன் இடத்திலேயே வைத்து முடுக்கினார். ஒவ்வொரு சுற்றையும் மெதுவாகத் திருகினார். “எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சுட்டேன். என்னால ஆனது இவ்வளவுதான். தப்பா நினைச்சுக்காத.”

குவாரி ஆபீஸ் தகரக் கூரை போட்ட நீள அறை. சூப்பர்வைசர் முப்பது வயதுக்காரர், யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவர். அவள் சொன்னதைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்தார். அவள் வண்டியைக் கிளப்பிக் குமிழைத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இருவரும் நின்று பார்த்தார்கள். குமிழ் நடுங்கி, சாய்ந்து, விழுந்தது.

“இன்னொரு தடவை” என்றார். இன்னொரு தடவையும் விழுந்தது.

அவர் ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டிச் சாவியைத் தானே திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

“இதை வேற யாருக்காவது காட்டினீங்களா?”

“இல்ல சார்” என்றாள், சோடாபுட்டியின் பெயரை இழுக்காமல்.

“காட்டாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். விளக்கை அணைச்சாருன்னா அது கவனக்குறைவு. கெட்டுப்போன விளக்கோட வேலைக்கு வந்தாருன்னா, அது தெரிஞ்சே செஞ்ச தப்பு. வண்டி அவரோடது. அதை ஒழுங்கா வெச்சுக்க வேண்டியது அவர் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. இதுக்கு அதுவே தேவலைம்மா.”

“அவர் உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னாரே சார். விளக்கு சரியில்ல, ஒரு நாள் லீவு குடுங்க, சரி பண்ணிட்டு வந்துடறேன்னு. வீட்டுல வந்து எங்கிட்டயும் சொன்னாரு.”

“எழுதிக் குடுத்தாரா?”

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

“பனி நேரத்துல யாருக்கு லீவு குடுக்க முடியும்? எனக்கும் மேல ஆள் இருக்காங்க.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டேகால் ஆச்சு. நாலு மணிக்கு இந்த விளக்கு நின்னு எரியணும். இல்லேன்னா நான் வேற ஆள் பாக்கணும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க.”

கீழே இறங்கியவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். எலும்பு வார்டில் கடைசிக் கட்டில். காலில் எடையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த மணல் பை காற்றாடியின் காற்றில் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். முதல் இரண்டு நாள், வந்தவர் போனவரிடமெல்லாம் ‘நான் அணைக்கல’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன். பிறகு பேச்சு குறைந்தது. முந்தாநாள் ராத்திரி அவளிடம், “ஒருவேளை என் கைதான் பட்டுடுச்சோ என்னமோ. எல்லாரும் சொல்றாங்களே” என்றிருந்தான்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

“தானாவா விழுந்துச்சு?”

“தானா. யாரும் தொடல. அஞ்சு தடவை பாத்துட்டேன். சூப்பர்வைசரும் பாத்துட்டாரு.”

“நான் இல்ல.”

“நீங்க இல்ல.”

அவன் முழங்கையால் கண்களை மூடிக்கொண்டான். உடம்பு குலுங்கியதில் காலில் வலி பிடித்து முனகினான். ஆனாலும் கையை எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். “கோர்ட்டுக்குப் போனா இதை வெச்சு ஜெயிக்கலாம் இல்ல?”

“ஜெயிக்கலாம். எத்தனை வருஷத்துலன்னு தெரியல.” அவன் கையை இறக்கினான். “கால் அது வரைக்கும் பொறுக்காதுடி. இன்னும் ஒரு வாரம் போனா எலும்பு கோணலா கூடிடும்னு டாக்டர் இன்னிக்கும் சொல்லிட்டுப் போனாரு.”

“அப்போ சுவிட்சை மாத்தாம அப்படியே ஓட்டறேன். கையால பிடிச்சுக்கறேன். சாட்சியா அதுவும் இருக்கும், வேலையும் இருக்கும்.”

“வேணாம்.” இந்த ஒன்பது நாளில் அவன் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. “அந்த வளைவுல ரெண்டு கையும் வேணும். அந்த சுவிட்சோட நீ மலையேறக் கூடாது. போய் மாத்திடு. போ, நேரமாகுது.”

சோடாபுட்டி அவளைக் கண்டதும் வண்டியைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போனார். மழுங்கிய ஸ்குருவை உளியால் தட்டி உடைத்து எடுத்தார். இந்த வண்டிக்கான சுவிட்ச் இப்போது எங்கும் வருவதில்லை. வேறு ஒரு வண்டியின் சுவிட்சை எடுத்து, ஸ்குரு மாட்டும் அதன் காதை அரத்தால் ராவி, துளையைப் பெரிதாக்கிப் பொருத்தினார். ஒயர் முனைகளைச் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினார். வண்டியைக் கிளப்பி, குமிழைத் தள்ளி, சீட்டின்மேல் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். குமிழ் அசையவில்லை.

பழைய சுவிட்ச் அவர் கையில் இருந்தது. அவளிடம் நீட்டினார்.

“இனிமே அது என்னத்துக்குண்ணே” என்று அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். அவர் அதைப் பழைய இரும்புக் கூடையில் போட்டார். கூலி வாங்கிக்கொள்ளவில்லை, அவள் வற்புறுத்தவும் இல்லை.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது குவாரி வாசலில் வண்டியை நிறுத்தினாள். சூப்பர்வைசர் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார், பின்சக்கரத்தை உதைத்தார். விளக்கு எரிந்தது. அட்டையில் செருகியிருந்த படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டுவிட்டு அவளிடம் பேனாவைக் கொடுத்தார். கடைசிக் கட்டத்தை அவரே நிரப்பியிருந்தார். ‘சென்ற சோதனைக்குப் பின் விளக்கில் செய்த மாற்றம்: எதுவும் இல்லை.’

“மாத்திட்டுத்தானே சார் வந்தேன்?”

“மாத்தினோம்னு எழுதினா ஏன் மாத்தினீங்கன்னு கேப்பாங்க.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “முன்பணக் கவர் உள்ள ரெடியா இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கங்க.”

பேனா முதலில் எழுதவில்லை. அவள் படிவத்தின் ஓரத்தில் இரண்டு கோடு கிறுக்கிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் விடியற்காலை ஸ்டோர் ஜன்னலில் அவளுக்கு ஒரு விசிலும் ஒளிரும் பட்டை வைத்த மஞ்சள் சட்டையும் கொடுத்தார்கள். சட்டை துவைத்து மடித்திருந்தது. பிரித்து உதறியபோதுதான் பார்த்தாள். முதுகில், கழுத்திலிருந்து இடுப்பு வரை, கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்ததை வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள். உள்பக்கம் காலர் மடிப்பில் அவள் கணவனின் வேலை எண் அழியாமல் இருந்தது.

“ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி வாங்கிட்டு வந்தோம்” என்றார் ஸ்டோர்க்காரர். “அங்க வெட்டிப் போட்டுட்டாங்க. கம்பெனிப் பொருள், விட்டுட முடியுமா?”

அவள் அதைப் போட்டுக்கொண்டாள். தோளில் தொளதொளவென்று நின்றது. வெளியே பனிக்குள் ஐந்து லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன; முகப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. அவள் வண்டியை அவற்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, குமிழை மேலே தள்ளினாள். முதல் லாரிக்காரர் ஹாரன் அடித்து, நகரச் சொன்னார். அவள் நகர்ந்தாள். லாரியின் வெளிச்சத்தில் சிவப்பு விளக்குக்குக் கீழே அந்த வெள்ளைத் தையல் கொஞ்ச தூரம் நேராகத் தெரிந்தது. பிறகு பாதை கீழே இறங்கியது.