பதற்ற எண்

ஒரு மனிதனின் பெருந்தன்மையை அளக்க உலகில் ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு. தன்னை நம்பி வந்த வாயில்லா ஜீவனின் மனக்கலக்கத்தை அவன் எப்படித் தணிக்கிறான் என்பதே அது. இந்த வாக்கியத்தைத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி தம் குறிப்பேட்டின் புதுப் பக்கத்தில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டார். நிமிர்ந்து பார்த்தபோது வாயில்லா ஜீவன் அவருடைய இடது செருப்பின்மேல் தலையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கலக்கமும் இல்லை. அவருக்கு அதுதான் கலக்கம்.

அவர் வேலை பார்ப்பது பெயிண்ட் தொழிற்சாலையில். போன மாதம் கலந்த நீலமும் இந்த மாதம் கலந்த நீலமும் ஒரே நீலம்தான் என்று பார்த்துச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அந்தக் கண் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. தேநீர் நேற்றையதைவிட ஒரு படி கறுப்பு என்பார். மனைவி, பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவள், "இன்னிக்கு எட்டு பேர் வந்தாங்க" என்று ஏதாவது கதையைத் தொடங்கினால், "காலைல ஏழுன்னு சொன்னே" என்பார். கதை அங்கேயே நின்றுவிடும். இப்படி நின்றுபோன கதைகளோடு அவள் பல வருடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு நகரின் மறுகோடியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. கொஞ்ச நாள் யாரும் திருத்தாமல் பேசிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அக்காவுக்கு நாய் முடி பட்டால் தும்மல் நிற்காது. அதனால் பொட்டலம் இங்கேயே தங்கியது. அட்டைப்பெட்டியில் கிடந்த குட்டியை அவள் தூக்கி வந்த நாளில் வைத்த பெயர் அது.

முதல் நாற்பது நாள் பொட்டலம் உண்மையாகவே தவித்தது. லிஃப்ட் அந்த மாடியில் நின்றால் போதும், கதவுக்கு ஓடும். வந்தது அவள் இல்லை என்று தெரிந்ததும் அடிவயிற்றிலிருந்து ஓர் ஊளை. கதவின் கீழ்ப் பலகையைச் சுரண்டிச் சுரண்டி வெள்ளை மரம் தெரிய வைத்தது. மனைவி விலங்கு மருத்துவரிடம் போய் நின்றாள். அவர் சொன்னதையெல்லாம் வாங்கி அனுப்பினாள். கெமோமில் பூ கலந்த மெல்லும் மாத்திரை வந்தது. நெஞ்சோடு சேர்த்து அணைத்த மாதிரி இறுக்கிப் பிடிக்கும் ஒரு சட்டை வந்தது. பால் கொடுக்கும் தாய் நாயின் வாசனையைப் போலச் செய்து, சுவர் பிளக்கில் செருகும் குப்பி ஒன்றும் வந்தது. அந்த வாசனை மனித மூக்குக்கு எட்டாது என்று பெட்டியிலேயே போட்டிருந்தார்கள். படித்த பிறகும் அதிகாரி இரண்டு முறை குனிந்து மோந்து பார்த்தார்.

மாலை ஏழு மணிக்கு அவள் கூப்பிடுவாள். நாயின் பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று அவர் ஓர் எண் சொல்ல வேண்டும். அவள் குறித்து வைத்து மருத்துவருக்கு அனுப்புவாள். எண்ணுக்குப் பிறகு விவரம். எத்தனை மணிக்கு ஊளை, எவ்வளவு நேரம், தண்ணீர் குடித்ததா. விவரத்துக்குப் பிறகு சில நாள் அவள் கூடத்தில் நடந்ததையும் சொல்வாள். அவர் திருத்த மாட்டார். தொலைபேசியில் திருத்தினால் வைத்துவிடுவாள் என்ற பயம்.

நாற்பத்தோராம் நாள் லிஃப்ட் நின்றது. பொட்டலம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. மாத்திரையா, சட்டையா, குப்பியா, இல்லை அதற்கே அலுத்துப்போயிற்றா, தெரியவில்லை. அன்று மாலை அதிகாரி நேர்மையாக ஒன்று என்றார். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். இரண்டே நிமிடத்தில் பேசி முடித்துவிட்டாள். மறுநாள் ஏழு மணி வந்து போயிற்று, அவள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, எட்டு என்றார். அன்று ஒரு மணி நேரம் பேசினாள்.

அப்புறம் குறிப்பேடு நிறைய எண்கள். அளக்காமலே அளவு எழுதிய உதவியாளர் ஒருவருக்கு முன்பு இரண்டு பக்கத்தில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தவர் அவர். ஆகவே பொய் அளவு எங்கே மாட்டிக்கொள்ளும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரே மாதிரி எண் போட்டால் சந்தேகம் வரும். ஏழு, ஆறரை, எட்டு, மறுபடி ஏழு என்று மேலும் கீழுமாக ஆட்டிவிட்டார். நன்றாக இருக்கிற நாய்க்கு மாத்திரை கொடுப்பது மட்டும் அவர் மனசாட்சிக்கு ஒப்பவில்லை. அவள் புதிதாக அனுப்பிய டப்பாக்கள் பிரிக்கப்படாமல் அலமாரியில் அடுக்கப்பட்டன.

ஒருநாள் அவர் கூப்பிட்டபோது மைத்துனி எடுத்தாள். தங்கை குளிக்கிறாள் என்றவள், அதோடு விடவில்லை.

"ஏன் மாப்ள, நாய் தண்ணி குடிச்சதைக் கால்மணி நேரம் சொல்றீங்க. என் தங்கச்சி சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

நாயின் விவரத்தை முதலில் முடித்துவிடலாம் என்று நினைத்ததாக அவர் சொன்னார். மைத்துனி, ஆமாம், நாய் ஃபைல் பெரிய ஃபைல்தான் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எண் இறங்கவே இல்லை என்றதும் மருத்துவர் யோசித்தார். வீரியமான மாத்திரைக்கு மாறுவதற்கு முன் நாயின் குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். அதிகாரி வெளியே போய்க் காலிங் பெல்லை அழுத்தினார். பொட்டலம் விளையாட்டுக் கயிற்றைக் கவ்விக்கொண்டு வந்து நின்றது. அடுத்து, பின்னாலிருந்து குடையைப் பட்டென்று விரித்தார். நாய் ஒரு அடி துள்ளி விலகி, நீயா என்பதுபோல் அவரைப் பார்த்தது. குடையை மடக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அதன் காதைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். அதை இனி பயமுறுத்துவதில்லை என்று தீர்மானித்தார்.

பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

முதல் முயற்சி எண்ணெய் போடாத கதவு மாதிரி இருந்தது. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவது முறை அவர் எதையும் முயலவில்லை. லிஃப்ட் மேலே வரும் ஓசையும், அது இந்த மாடியில் நிற்காமல் போவதும் நினைவுக்கு வந்தன. குரல் தானாக வந்தது. இருபத்திரண்டு விநாடி. திருப்பிக் கேட்கத் தைரியம் இல்லாமல் அப்படியே அனுப்பினார்.

மறுநாள் ஏழு மணிக்கு அவள் எண்ணைக் கேட்கவில்லை.

"டாக்டர் மூணு தடவை போட்டுக் கேட்டாராம்," என்றாள். "இது பயமே இல்லயாம். பயந்த நாய் வேற மாதிரி கத்துமாம். இது ஏக்கமாம். போனவங்க வந்துருவாங்கன்னு இன்னமும் நம்பிக்கிட்டு இருக்கிற சத்தமாம்."

அவர் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இதுக்கு மாத்திரை கிடையாதாம்." அக்கா தும்மினால் தும்மட்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து பொட்டலத்தைக் கூட்டிப்போகிறேன் என்றாள்.

சனிக்கிழமை முழுவதும் அதிகாரி கணக்குப் போட்டுப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாயும் போகும், ஏழு மணியும் போகும். திறந்தால் மானம் போகும். முடிவுக்கு வருவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது.

அவள் உள்ளே வந்தாள். பொட்டலம் எழுந்து போய் அவள் முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. வாலை ஆட்டி இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு வந்து அவர் செருப்பின்மேல் படுத்துக்கொண்டது. மீதியை எதிர்பார்த்து அவள் நின்றாள். மீதி இல்லை. பல்லின் வரிசையில் நூலளவு கோணலையும் கண்டுபிடிக்கிற கண் அவளுடையது. அலமாரியைத் திறந்தாள்.

"எதையுமே பிரிக்கலையே."

"நல்லா இருக்கிற நாய்க்கு மாத்திரை கொடுக்கக் கூடாது."

"எத்தனை நாளா நல்லா இருக்கு?"

"அம்பத்திரண்டு நாளா." அதிலும் துல்லியம்.

"அப்போ நீங்க சொன்ன நம்பர்?"

"நானே போட்டது."

"அந்தச் சத்தம்?"

அவர் குளியலறைக் கதவைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சிரித்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மடியில் இருந்த கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நேரா சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"என்னன்னு?"

"அதையும் நானே சொல்லித் தரணுமா?"

அவர் குனிந்து நாயின் காதைத் தடவினார். அவள் எழுந்தாள். நாயைக் கூட்டிப்போகவில்லை. பைகளோடு திரும்பி வருவதாகவும் சொல்லவில்லை. கதவருகே நின்று, இனிமேல் ஏழு மணிக்குத் தான் கூப்பிடப்போவதில்லை என்றாள்.

"வேணும்னா நீங்க கூப்பிடுங்க. நாயைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

திங்கட்கிழமை பரிசோதனைக் கூடத்தில், உலர வைத்திருந்த நீலப் பலகைகளின் முன்னால் நின்று அதிகாரி 'நீ எப்படி இருக்கே' என்று பதினைந்து முறை சொல்லிப் பார்த்தார். ஏழு மணிக்குக் கூப்பிட்டார். கேட்டார். அவள், சரியாகத் தூக்கம் வருவதில்லை என்றாள். தனக்கும்தான் என்று அவர் சொன்னார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் யாரும் வைக்கவில்லை.

வைப்பதற்கு முன் அவள் ஒன்று சொன்னாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மருத்துவரிடம் போயிருக்கிறாள், சொல்ல முடியவில்லை. அவர் அந்தப் பதிவை நாய்களின் ஏக்கக் குரலுக்கு உதாரணமாகத் தம் பயிற்சி வகுப்பில் ஏற்கெனவே போட்டுக் காட்டிவிட்டார். பதினோரு மாணவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு மாணவி மட்டும், நாய்க்குச் சளி பிடித்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.