கயிறு இழுக்காத மே தினம்

மதார் சாகிபு யாரையும் லேசில் நம்ப மாட்டார். பாசிர் பெனம்பாங் மீன்காரன் இப்போதுதான் படகிலிருந்து இறங்கிய மீன் என்று சத்தியம் செய்தாலும், செவுளை விரித்து மோந்து பார்த்த பிறகுதான் கூடையைத் தொடுவார். டாக்டர் மாத்திரை கொடுத்தால், முதலில் நீங்கள் ஒன்று போடுங்கள் என்பார். கோலசிலாங்கூர் பட்டணத்தில் இருபத்தாறு வருசமாகச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர். ஊரில் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். மலாயும் இங்கிலீஷும் பேச வரும், படிக்க வராது.

அதனால்தான் எண்பத்து நாலாம் வருசம் மே மாதம் இரண்டாம் தேதி காலையில் தன் கடைக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, அது ஏதோ சினிமா விளம்பரம் என்று கிழிக்கப் போனார்.

"அங்கிள், டோன்ட் டச்!" என்று ஓடி வந்தான் சுகாதார இன்ஸ்பெக்டர் சிவானந்தம். பெட்டாலிங் ஜெயாக்காரன், இருபத்தைந்து வயது, இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன். தமிழை நெருப்பில் கை வைக்கிற மாதிரி பேசுவான். "உங்க கடைக்கு சீல் வெச்சிருக்கு. நேத்து உங்க பிரியாணி சாப்பிட்டு நாப்பத்தோரு பேருக்கு பேதி."

நேற்று மே தினம். ஈஜோக் போகிற வழியில் உள்ள ரப்பர்த் தோட்டத்தில் வருசா வருசம் மேல் டிவிஷன் ஆட்களும் கீழ் டிவிஷன் ஆட்களும் கயிறு இழுப்பார்கள். பதினோரு வருசமாக மேல் டிவிஷன்தான் ஜெயிக்கிறது. ஜெயிக்கிற தைரியத்தில் அவர்கள் முன்கூட்டியே மதார் சாகிபு கடையில் கோழி பிரியாணி சொல்லிவிடுவார்கள். இந்த வருசம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டரைக்கு முதல் ஆள் கக்கூசுக்கு ஓடினான். இரண்டு மணிக்குக் கயிற்றைப் பிடிக்க மேல் டிவிஷனில் ஒரு கை இல்லை. எல்லாக் கையும் தண்ணீர் வாளியில் இருந்தது. கீழ் டிவிஷன் கயிற்றைச் சும்மா இழுத்துக்கொண்டு போய்க் கோப்பையை வாங்கியது. நல்லவேளை, யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. ராத்திரிக்குள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டேன் அங்கிள். எல்லாரும் காலையில ஒன்னும் சாப்பிடலைன்னு சொன்னாங்க. ஸோ, வயித்துல போனது உங்க பிரியாணி மட்டும்தான். திங்கக்கிழமை மீட்டிங். அங்க லைசென்ஸ் பத்தி முடிவு பண்ணுவாங்க."

லைசென்ஸ் போனால் மதார் சாகிபுக்கு வேறு தொழில் தெரியாது. அதைவிட, மதார் சாகிபு கடையில் தின்றால் பேதி என்று ஊர் சொன்னால், லைசென்ஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. இன்று புதன். நாலு நாள்தான் இருக்கிறது.

அன்று முழுக்க வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டார். கோழிக்காரன். எதிர்க் கடைக்காரன். அரிசி மூட்டை இறக்கியவன். தயிர் விற்கிற பெரியவர்.

"அடுத்தது என்னையும் சந்தேகப்படுவீங்க," என்றாள் மனைவி ஜெய்புன்னிசா.

"உன்னை மத்தியானமே யோசிச்சு விட்டுட்டேன்," என்றார் மதார் சாகிபு. "அந்தச் சோத்துல நீயும் ஒரு தட்டு தின்னே. நல்லா கல்லு மாதிரிதானே இருக்கே."

மறுநாள் கடைக்குச் சாமான் ஏற்றும் வானை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே போனார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குள் வான் நுழைந்ததும் எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. "டேய், காக்கா வந்துட்டாரு! கக்கூசுக் கதவைத் தொறந்து வைங்கடா!" அண்ணன் முறையில் மதார் சாகிபை எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லயம் முழுக்கச் சிரித்தது. மதார் சாகிபுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் சிரிக்கிறவன் அடிக்க மாட்டான் என்பதும் அவருக்குத் தெரியும்.

மேல் டிவிஷன் கங்காணியான மண்டோர் காளியண்ணன் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். கயிற்றின் வால் முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிற மலை மாதிரி ஆள். இரண்டே நாளில் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது.

வாய்ப்பழக்கம் சும்மா விடுமா? வந்த வேகத்தில் சண்டையை ஆரம்பிக்க வேண்டியவர், "என்ன மண்டோரே, பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டார்.

"ஆச்சு காக்கா. இன்னிக்குத்தான் ரெண்டு இட்லி உள்ள நின்னுச்சு."

"மே தினத்தன்னிக்கும் பசியாறினீங்களோ?"

"பின்னே? பசியாறாம கயிறு இழுக்க முடியுமா லா? ஒம்போதரை மணிக்கு எல்லாருக்கும் இட்லி, சட்னி, ஒரு அண்டா கோப்பி. எம் பொஞ்சாதிதான் போட்டா."

மதார் சாகிபு பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார். "யோவ்! காலையில ஒன்னும் சாப்பிடலைன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னீங்களாமே!"

"ஆமா, சாப்பிடல. அந்தத் தம்பி சாப்பிட்டீங்களான்னுதானே கேட்டுச்சு? சாப்பாடு மத்தியானம்தானே. பசியாறினதப் பத்தி அது கேக்கவே இல்லையே!"

மதார் சாகிபு தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை. பெட்டாலிங் ஜெயாவில் காலையில் தின்பதும் சாப்பாடுதான் போலிருக்கிறது. இங்கே தோட்டத்தில் எவனாவது இட்லியைச் சாப்பாடு என்பானா? சோறு தின்றால்தானே சாப்பாடு! இந்த ஒரு வார்த்தையில் என் கடை போகப் பார்த்ததே!

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து காளியண்ணன் மனைவி நல்லம்மாள் மெதுவாகச் சொன்னாள். "காக்கா, ஒங்க பிரியாணிய ஏன் குத்தம் சொல்றாங்கன்னு எனக்கு அன்னிக்கே புரியல. நான் செவ்வாக்கெழமை வெரதம். கவுச்சி தொடல, இட்லிகூடத் தொடல. ஒரு டம்ளர் கோப்பி மட்டும்தான். ஒங்க வான் வந்து ஆரன் அடிக்கறப்ப நான் கக்கூசுல இருந்தேன்."

"ஏம்மா இத யார்கிட்டயும் சொல்லல?"

"இதப் போயி ஆம்பளைங்ககிட்டயா சொல்லுவாங்க? இந்த மனுசனுக்கே இப்பத்தான் தெரியுது."

காளியண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோப்பி எப்படி இருந்துச்சு?" என்றார் மதார் சாகிபு.

"கசப்பும் உவர்ப்புமா ஒரு மாதிரி. கெணத்துத் தண்ணியாக்கும்னு நெனச்சேன். நாம போட்ட கோப்பிய நாமளே கீழ ஊத்தறதான்னு குடிச்சிட்டேன்."

"அண்டாகிட்ட யாரு வந்தா?"

"யாரும் வரல. மருந்து குடுக்கற டிரெஸர் ஐயா மட்டும் வந்தாரு. ஆட்டக்காரங்களுக்குத் தெம்பா இருக்கட்டும்னு டப்பாவுலேர்ந்து குளுகோசக் கொட்டிக் கலக்கிட்டுப் போனாரு. தங்கமான மனுசன்."

தங்கமான மனுசன் என்று யாரையாவது சொன்னால் மதார் சாகிபுக்குக் காது விடைக்கும். எழுந்துவிட்டார்.

நேரே பட்டணத்துக்குப் போய் சிவானந்தத்தை வானில் ஏற்றினார். வழி நெடுக அவனுக்குப் பசியாறுவதற்கும் சாப்பிடுவதற்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டு வந்தார். புக்கிட் பெலிம்பிங் தாண்டும்போது பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாரி அங்கிள். எங்க வீட்ல பிரேக்ஃபாஸ்ட்டையும் சாப்பாடுன்னுதான் சொல்லுவோம்."

"ஒங்க வீட்டுல என்ன வேணா சொல்லிக்கங்க தம்பி. என் கடையில வந்து சீல் வெக்காதீங்க."

டிரெஸர் உடையப்பன் தோட்டத்து மருந்தகத்தில் இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். காளியண்ணனும் நல்லம்மாளும் பின்னால் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதி லயம் வந்தது.

மதார் சாகிபு சுற்றி வளைக்கவில்லை. "டிரெஸரே, அன்னிக்கு அண்டாவுல கொட்டினீங்களே குளுகோசு, அது இருக்கா?"

"இருக்கே," என்று அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவைக் காட்டினார். குளுகோஸ் என்றுதான் எழுதியிருந்தது.

"டப்பா மேல எழுதியிருக்கறத நான் நம்ப மாட்டேன். எனக்குப் படிக்கவும் வராது. ரெண்டு கரண்டி தண்ணியில போட்டு ஒரு டம்ளர் குடிங்க. நாங்க பாத்துட்டுப் போயிடறோம்."

டம்ளர் வந்தது. நல்லம்மாளே கலக்கிக் கொடுத்தாள். உடையப்பன் டம்ளரைப் பார்த்தார். டம்ளரும் அவரைப் பார்த்தது. ஜன்னலில் இருபது தலை எட்டிப் பார்த்தது. உடையப்பன் குடிக்கவுமில்லை, வைக்கவுமில்லை.

"பேதி உப்பு," என்றார் கடைசியில், டம்ளரிடம் சொல்கிற மாதிரி. "குளுகோசு டப்பாவுல மாத்திக் கொட்டி வெச்சேன். நான் கீழ் டிவிஷன்ல பொறந்தவன்யா. பதினோரு வருசம்! பதினோரு வருசமா இவனுங்க ஜெயிச்சுட்டு வந்து எம் முன்னாலயே மேளம் அடிக்கறானுங்க. கீழ யாருக்கும் இது தெரியாது. நானாத்தான் செஞ்சேன்."

காளியண்ணன் வயிறு குலுங்க ஆரம்பித்தது. வெடித்துச் சிரித்தார். ஜன்னல் சிரித்தது, மருந்தகமே சிரித்தது. "அடப்பாவி! சொல்லியிருந்தா ஒரு வருசம் நானே கயித்தை விட்டுக் குடுத்திருப்பேனே!"

"அதுதான்யா பொறுக்கல," என்றார் உடையப்பன். "நீ விட்டுக் குடுத்தா நாங்க ஜெயிக்கணும்?"

நல்லம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அது சரி, எனக்கு எதுக்குய்யா குடுத்த? நானா கயிறு இழுக்கப் போறேன்?" என்றாள். உடையப்பன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். சிரிப்பு இன்னும் பெரிதானது.

சிவானந்தம் சிரித்துக்கொண்டே டப்பாவைப் பையில் போட்டுக் கட்டினான். சிரித்தாலும் எழுத வேண்டியதை எழுதினான். விட்டுவிடுங்கள் என்று காளியண்ணன் கேட்டும், அது தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டான். நாற்பத்திரண்டாவதாக நல்லம்மாள் பெயரையும் சேர்த்தான். உடையப்பனை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார் தோட்ட மானேஜர்.

திங்கட்கிழமை கூட்டத்தில் லைசென்ஸ் தப்பியது. மத்தியானம் சிவானந்தமே வந்து கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்தான். மதார் சாகிபுக்குத் திருப்தியில்லை.

"ஒட்டினத ஊரே பாத்துச்சு. கிழிச்சத யாரு பாத்தா? எழுதிக் குடுங்க தம்பி. தமிழ்ல. என்னாலயும் படிக்க முடியணும்."

"அங்கிள், எனக்குத் தமிழ் எழுத அவ்வளவு வராது."

"எனக்கும்தான் வராது. ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம்."

இருவரும் மேசையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு அரை மணி நேரம் எழுதினார்கள். ஒருவருக்கு 'ற'வில் சண்டை, ஒருவருக்கு 'ழ'வில் சண்டை. கடைசியில் ஒரு வரி தேறியது. கீழே சிவானந்தம் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினான். மதார் சாகிபு அதைத் தானே பசை தடவிக் கதவில் ஒட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து லோரி வந்து நின்றது. மேல் டிவிஷன் முழுக்கக் குதித்து இறங்கியது. கூடவே கீழ் டிவிஷனிலும் பத்துப் பேர். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கயிறு இழுக்கப் போகிறார்களாம், அதற்குப் பிரியாணி சொல்ல வந்தார்களாம். காளியண்ணன் கதவு முன்னால் நின்று சத்தமாகப் படித்தார்.

"இந்தக் கடை மிகவும் சத்தமான கடை."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சுத்தத்தில் 'சு' போட மறந்து 'ச' போட்டிருந்தார்கள் இரண்டு பண்டிதர்களும்.

"கவர்மெண்டு முத்திரை குத்தி உண்மையச் சொல்லியிருக்காங்க," என்றாள் ஜெய்புன்னிசா உள்ளேயிருந்து. "இருபத்தாறு வருசமா நான் சொன்னதத்தான் எழுதியிருக்காங்க!"

சிவானந்தம் பேனாவை எடுத்தான். மதார் சாகிபு அவன் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதீங்க தம்பி. திருத்தினா போலிக் காயிதம்னு எவனாவது சொல்லுவான். உள்ள வந்து உக்காருங்க. ஜெய்புன்னிசா! அடுப்ப மூட்டு! முதல் தட்டு இன்ஸ்பெக்டருக்கு, எல்லாரும் பாக்கறாப்புல வாசல்லயே வெச்சுத் தின்னட்டும்!" என்று தெருக் கோடி வரைக்கும் கேட்கக் கத்தினார்.