யானைக் காதில் ஏழு தையல்

மாடு, ஆடு, நாய், ஒருமுறை ஒரு கழுதை என்று பதினெட்டு வருடமாகத் தைத்துக்கொண்டிருப்பவள் நான். கால்நடை மருத்துவர். ஒரு போர்வையின் மேல் துணியில் வெட்டிய பத்து மிருகங்களைத் தைக்க எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். தங்கையிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

போர்வை அவள் மகளுக்கு. வயது ஆறு, வீட்டில் பெயர் கடுகு. அவள் அப்பாவுக்குக் கப்பலில் வேலை என்பதால் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஒரே வீட்டில் இருந்துகொண்டே கடுகு என்னோடு பேசாமல் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை என் மருத்துவமனைக்கு வந்தவள், ஓடாதே என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் ஓர் ஆட்டுக்குட்டியின் பின்னால் ஓடினாள். கழுவிவிட்ட தரை. வழுக்கி விழுந்து, எடை பார்க்கும் மேடையின் இரும்பு விளிம்பில் முட்டியைக் கிழித்துக்கொண்டாள். பக்கத்துத் தெரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மரத்துப்போக ஊசி போடுவதற்கே அவள் ஊரைக் கூட்டினாள். "யாராவது கெட்டியாப் பிடிங்க" என்றார் டாக்டர். பிடித்தேன். துள்ளுகிற கன்றைப் பிடிப்பதுதானே என் பிழைப்பு. இடுப்பில் ஒரு கை, தொடையில் ஒரு கை. அவளால் இம்மியும் அசைய முடியவில்லை. ஐந்து தையல்.

"நீ என்னை மாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சே" என்றாள் வெளியே வந்ததும். அதுதான் கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, பெரியம்மாகிட்ட அந்த டம்ளரைத் தள்ளச் சொல்லு" என்பாள். எனக்குச் சாப்பாடு இறங்காது. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சமாதானத் தூதாகத்தான் இந்தப் போர்வை. பஞ்சு வைத்த வெள்ளைப் போர்வை ஒன்றும், கலர் கலராகத் துண்டுத் துணிகளும் வாங்கினேன். துணிக்கடைப் பெண் இரண்டு பக்கமும் ஒட்டுகிற பசைத்தாள் கொடுத்தாள்.

"தாள் மேல படத்தை வரைஞ்சு, துணியோட பின்பக்கம் வச்சு அயர்ன் பண்ணுங்க. வெட்டி எடுத்து, தாளை உரிச்சுட்டு, போர்வை மேல வச்சு மறுபடி அயர்ன் பண்ணுங்க. ஒட்டிக்கும். ஆனா ஓரமெல்லாம் தைச்சுடணும். இல்லேன்னா துவைக்கத் துவைக்க உரிஞ்சு வந்துடும். இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீங்களா?"

"நான் டாக்டர்" என்றேன்.

முதலில் ஒட்டகச்சிவிங்கியைப் பசைப் பக்கம் மேலே தெரிய வைத்துத் தேய்த்தேன். அது அயர்ன் பெட்டியோடு போய்விட்டது. மறுநாள் தங்கையின் வெள்ளைச் சட்டையில் அதன் கழுத்து மட்டும் வந்து ஒட்டியது. கரடிக்குத் தாளை உரிக்க மறந்துவிட்டுப் பத்து நிமிடம் தேய்த்தும் அது ஒட்டவே இல்லை. இடப்பக்கம் பார்க்க வரைந்த பசு, துணியில் வலப்பக்கம் திரும்பி நின்றது. தாளில் படத்தைத் திருப்பி வரைய வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? துணிக்கடைப் பெண் சொல்லியிருப்பாள், நான்தான் டாக்டராயிற்றே. கடைசியில் ஒட்டகச்சிவிங்கி போக ஒன்பது மிருகங்கள் தேறின. அதில் சாம்பல் நிற யானைதான் எனக்குச் செல்லம். அதற்கு ரோஜா நிறத்தில் தனியாக ஒரு காது.

தைக்க உட்கார்ந்தால் நேரான ஊசி விரலில் நிற்கவே இல்லை. மருத்துவமனையிலிருந்து வளைந்த ஊசியும் அதைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கியும் எடுத்து வந்தேன். அதன் பிறகு கை பறந்தது. நாலாம் நாள் எட்டிப்பார்த்த தங்கை அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, எதுக்கு ஒவ்வொரு தையலுக்கும் முடிச்சுப் போட்டு வெட்டுறே?"

"பின்ன எப்படித் தைக்கிறதாம்?"

"ஒரே நூலா ஓரத்தைச் சுத்தி ஓட்டிட்டே போகணும்."

"ஒண்ணு அவுந்தாலும் மத்தது நிக்கணும்டீ. நாங்க அப்படித்தான் போடுவோம்."

"ஏன், யானை எழுந்து ஓடப் போகுதா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "தையல் பிரிக்க எப்ப கூட்டிட்டு வரணும் டாக்டர்?"

என் மூக்கு உடைந்தது. பார்த்தால் ஒன்பது மிருகங்களையும் சுற்றி நீல நூல் முடிச்சுகள், ஒவ்வொன்றுக்கும் மீசை மாதிரி இரண்டு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் போட எனக்குப் பொறுமை கிடையாது. அப்படியே முடித்தேன்.

முட்டியில் தையல் போட்ட பன்னிரண்டாம் நாள், அதைப் பிரிக்கத் தங்கை கடுகை டாக்டரிடம் கூட்டிப்போனாள். போட்ட தையல் போட்டபடியே இருக்கத் திரும்பி வந்தார்கள். முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கடுகு யாரையும் கிட்டே விடவில்லையாம்.

"நாளைக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கார். அப்பவும் இப்படித்தான்னா கெட்டியாப் பிடிச்சுக்கணுமாம்" என்றாள் தங்கை. என் முகத்தைப் பார்க்காமலே, "நீதான் பிடிக்கணும். எனக்குக் கை உதறும்" என்றாள்.

பிடிக்காவிட்டால் தையல் உள்ளேயே இருந்து சீழ் வைக்கும். பிடித்தால், இந்தப் பெண் இனி என் பக்கம் திரும்பவே மாட்டாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் போர்வையை அவள் கட்டிலில் விரித்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தேன். கடுகு என்னைப் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்தாள். பசுவைத் தடவினாள், கரடியைத் தடவினாள். யானைக் காதுக்கு வந்ததும் விரல் நின்றது. முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஏழு.

"இதெல்லாம் எப்பப் பிரிப்பே?"

பன்னிரண்டு நாளில் முதல் வார்த்தை! இது பிரிக்கிற தையல் இல்லை என்று சொல்ல வந்தேன். நல்லவேளை, ஒருமுறையாவது என் வாய் எனக்குக் கட்டுப்பட்டது.

"ஏன் கேக்கறே?"

"பிரிச்சா காது விழுந்துடுமே."

கேட்டது காதைப் பற்றி. கை இருந்தது முட்டியின் மேல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் வலிக்குப் பயப்படவில்லை. நூலை எடுத்தால் முட்டி மறுபடி பிளந்துகொள்ளும் என்று பயந்திருக்கிறாள். மாட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்து விளக்குகிறேன்; சொந்த வீட்டுக் குழந்தைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

கத்தரியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பார்க்கலாமா?"

தலையாட்டினாள். முதல் முடிச்சை வெட்டி நூலை உருவினேன். இரண்டாவது. மூன்றாவது. அவள் மூச்சுவிடவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் விடவில்லை. என் அயர்ன் வித்தையின் லட்சணம் எனக்குத் தெரியும். இந்தக் காது மட்டும் கையோடு வந்துவிட்டால் என் கதை முடிந்தது.

ஏழாவது நூலும் வந்தது. கடுகு நகத்தால் காதின் ஓரத்தைச் சுரண்டினாள். இழுத்தாள். காது அசையவில்லை.

"விழல!"

"விழாது. தானா ஒட்டிடுச்சு. ஒட்டி முடியற வரைக்கும் பிடிச்சுக்கத்தான் தையல். இங்கே பசை பிடிச்சிருக்கு. உன் முட்டியில தோலே தோலைப் பிடிச்சுக்கிட்டிருக்கு."

"நிஜமாவா?"

"பன்னிரண்டு நாளாச்சு. நிஜமா."

கையை நீட்டிக் கத்தரியைக் கேட்டாள்.

ஒன்பது மிருகங்களுக்கும் அவளே வைத்தியம் பார்த்தாள். நான் துணியைத் தூக்கிப் பிடிக்க, அவள் வெட்ட, ஒவ்வொன்றுக்கும் "விழல!" என்று வீடு அதிரக் கத்தினாள். சத்தம் கேட்டு வந்த தங்கை, கட்டில் முழுக்க நீல நூலாகக் கிடப்பதைப் பார்த்து, "அய்யோ, இனிமே இதைத் துவைக்கிறது எப்படி?" என்றாள். "நீ சும்மா இரு" என்று நானும் கடுகும் ஒரே நேரத்தில் சொன்னோம். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் அந்த ஒட்டகச்சிவிங்கியைக்கூட மன்னித்துவிட்டேன். மறுபடி எல்லாவற்றையும் தைத்து முடிக்க மூன்று வாரம் ஆனது. இந்தத் தடவை தங்கை சொன்னபடி, ஒரே நூலாக.

யானையின் காது தப்பித்த மறுநாள், டாக்டர் இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, போன தடவை போலவே என்னைப் பார்த்து, "பிடிச்சுக்கறீங்களா?" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. கடுகைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முட்டியை நீட்டினாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"நீ என்னைப் பிடிக்காதே பெரியம்மா. நான் உன்னைப் பிடிச்சுக்கறேன்."

பிடித்துக்கொண்டாள். என் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கின. ஒன்று, இரண்டு என்று டாக்டரோடு சேர்ந்து அவளும் எண்ணினாள். ஐந்து வந்ததும் குனிந்து முட்டியைப் பார்த்தாள். "விழல" என்றாள், மெதுவாக.

நான்தான் தேம்பி அழுதேன். நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து, குழந்தையைத் தாண்டி என்னிடம் நீட்டினார். வாங்க எனக்குக் கை இல்லை. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றைக் கடுகு இன்னும் விடவில்லை.